பெரிய எஞ்சின் வந்தால் பழைய பிரேக் என்ன செய்யும்?

மாணவர்களே, சென்ற மாதம் படிவம் 4 வகுப்பில் இயற்பியல் பாடம் முடிந்து வெண்பலகையை அழித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வெளியே போன பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள்.

"டீச்சர், எங்க அண்ணன் மோட்டார்ல எஞ்சின் மாத்தப் போறாரு. இப்ப இருக்கறது 100 சிசி. அதுக்குப் பதிலா 150 போட்டா எவ்வளவு வேகமா போகும்?"

"எதுக்குமா மாத்தறாரு?"

"மேட்டுல ரெண்டு பேர் உட்கார்ந்தா இழுக்க மாட்டேங்குது டீச்சர்."

அந்த இரண்டாவது ஆள் அவள்தான். ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் வீடு. செம்மண் சாலையில் மூன்று கட்டை தூரம் அண்ணன் கொண்டுவந்து விட்டால்தான் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க முடியும். அன்று அவளுக்கு அவசரமாக நான்கு வார்த்தை சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். தோட்டப்புறத்தில் வளரும் உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கும்.

கப்சாய் பிறந்த கதை

சிறிய வண்டியில் வேறு எஞ்சினைப் பொருத்துவது புதிய யோசனை அல்ல. நாம் ஓட்டும் கப்சாயின் வரலாறே அப்படித்தான் தொடங்கியது.

1946ஆம் ஆண்டு. போர் முடிந்து ஜப்பான் சிதைந்து கிடந்தது. ஹமாமட்சு நகரில் சோய்ச்சிரோ ஹோண்டா என்ற பொறியாளர் ஒரு சிறிய எஞ்சினைக் கண்டார். இராணுவ வானொலிக் கருவிக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது அது. போர் முடிந்ததால் அதற்கு வேலை இல்லை. அதை எடுத்து ஒரு சாதாரண சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரி வண்டிக்குப் பெட்ரோல் தொட்டி எது தெரியுமா? குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை!

மக்கள் அந்த வண்டியை விரும்பி வாங்கினார்கள். கிடைத்த பழைய எஞ்சின்கள் தீர்ந்ததும் ஹோண்டா சொந்தமாக எஞ்சின் செய்யத் தொடங்கினார். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. 1949இல் அவர் 98 சிசி எஞ்சினோடு 'டிரீம்' என்ற வண்டியை வெளியிட்டபோது அதைச் சைக்கிள் சட்டத்தில் வைக்கவில்லை. எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்துப் புதிய சட்டம் செய்தார். எஞ்சின் வளர்ந்தபோது அதைத் தாங்கும் வண்டியும் கூடவே வளர்ந்தது.

1958இல் 'சூப்பர் கப்' வந்தது. 49 சிசி, 4.5 குதிரைத்திறன், 17 அங்குலச் சக்கரம். 2017க்குள் இந்த வகை வண்டிகள் 10 கோடிக்கு மேல் செய்யப்பட்டன. 'கப்' என்ற அந்தப் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் கண்டனீசு மொழியின் 'சாய்' சேர்ந்துதான் 'கப்சாய்' ஆயிற்று என்பார்கள். நம் தோட்டங்களில் பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் ஆட்களைச் சுமந்து போகும் இஎக்ஸ்5, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

சிசி என்றால் என்ன?

சிசி என்பது கன சென்டிமீட்டர். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது எவ்வளவு கொள்ளளவைக் கடக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உருளையின் கன அளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம் பெருக்கல் உயரம்.

இஎக்ஸ்5 எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மில்லிமீட்டர். அதாவது ஆரம் 2.5 சென்டிமீட்டர், உயரம் 4.95 சென்டிமீட்டர். 3.14 × 2.5 × 2.5 × 4.95 என்று பெருக்கினால் 97 வரும். நாம் 100 சிசி என்று சொல்லும் வண்டி உண்மையில் 97 சிசி.

எஞ்சினைப் பெரிதாக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வேறு வண்டியின் எஞ்சினை முழுதாக எடுத்து வைப்பது. இன்னொன்று, இருக்கும் எஞ்சினிலேயே சிலிண்டர் பிளாக்கையும் பிஸ்டனையும் பெரிதாக மாற்றுவது. விட்டத்தை 50இலிருந்து 53 மில்லிமீட்டர் ஆக்கினால் 109 சிசி வரும். விட்டம் கூடியது 6 விழுக்காடு. கொள்ளளவு கூடியது 12 விழுக்காடு. ஆரம் வர்க்கமாக வருவதால் இந்த வித்தியாசம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிஸ்டன் உச்சிக்குப் போனபின் அதற்கு மேலே மிஞ்சும் சிறிய அறையில்தான் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நசுங்கி எரிகிறது. 97 சிசி எஞ்சினில் கலவை ஒன்பதில் ஒரு பங்காக நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த அறை சுமார் 12 சிசி. பிளாக்கை மட்டும் 109 ஆக்கிவிட்டு மேல் அறையை அப்படியே விட்டால், 121 சிசி கலவை அதே 12 சிசிக்குள் நசுங்க வேண்டும். இப்போது அது பத்தில் ஒரு பங்கு. நசுக்கம் கூடினால் சூடு கூடும். அளவு மீறினால், தீப்பொறியில் தொடங்கும் தீ பரவி முடிவதற்குள் மிச்சமிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். 'டக் டக்' என்று சுத்தியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். அந்த அடி பிஸ்டன் மேல் விழுகிறது.

சக்தி இரு மடங்கானால் வேகமும் இரு மடங்கா?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். புது எஞ்சினின் சக்தி பழையதைப்போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். பழைய வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர் போனது. இனி 180 போகுமா?

போகாது. வண்டி வேகமாகப் போகும்போது அதை எதிர்த்துத் தள்ளுவது பெரும்பாலும் காற்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. சக்தி என்பது விசை பெருக்கல் வேகம். ஆகவே தேவைப்படும் சக்தி 4 × 2, அதாவது எட்டு மடங்கு! 180 போக எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

இரு மடங்கு சக்திக்கு எவ்வளவு கிடைக்கும்? எந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால் 2 வரும் என்று பாருங்கள். 1.26. எனவே 90 × 1.26 = சுமார் 113 கிலோமீட்டர். டயரின் உருளல் உராய்வு, கியர் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் அடிப்படை மாறாது. செலவு இரு மடங்கு. வரவு கால் பங்கு.

நிறுத்தும்போதுதான் கணக்கு திரும்புகிறது

ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் இருக்கிறது. பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம். வண்டி 95 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, மொத்தம் 160 கிலோ. 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். இயக்க ஆற்றல் 50,000 ஜூல். 113 கிலோமீட்டரில் அது சுமார் 79,000 ஜூல். வேகம் 26 விழுக்காடு கூடியது. ஆற்றல் 58 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிட்டது.

வண்டி நிற்க வேண்டுமானால் இந்த ஆற்றல் எங்காவது போக வேண்டும். அது பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. 50,000 ஜூல் ஒரு தேநீர்க் குவளைத் தண்ணீரை, சுமார் 165 மில்லிலிட்டரை, கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 79,000 ஜூல் ஒன்றரைக் குவளைக்கும் மேல். சில நொடிகளில் இத்தனை சூட்டையும் அந்தச் சிறிய பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இஎக்ஸ்5 வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். மூடிய டிரம்முக்குள் பிரேக் கட்டைகள் விரிந்து உரசுகின்றன. மூடியிருப்பதால் சூடு சீக்கிரம் வெளியேறாது. சூடு ஏற ஏற உரசும் பரப்பின் பிடிப்பு குறையும். அழுத்தினாலும் பிடிக்காதது போல் இருக்கும். 100 சிசி வண்டிக்கு அந்த பிரேக் சரியானதுதான். அந்த வண்டிக்காகத்தான் அதைச் செய்தார்கள்.

நிற்கும் தூரத்தையும் பார்ப்போம். நல்ல தார்ச் சாலையில் இந்த பிரேக் நொடிக்கு நொடி 5 மீட்டர் அளவில் வேகத்தைக் குறைக்கிறது என்று கொள்வோம். ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு நொடி. 90இல் போகிறவர் மொத்தம் சுமார் 88 மீட்டரில் நிற்பார். 113இல் போகிறவருக்கு 130 மீட்டர் வேண்டும். இதைத் தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். செம்பனை மரங்களை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். முதலாமவருக்குப் பத்து மரம் போதும். இரண்டாமவருக்குப் பதினான்கு, பதினைந்து மரம் வேண்டும்.

இது தார்ச் சாலைக் கணக்கு. செம்மண்ணும் சரளைக்கல்லும் கிடக்கும் தோட்டச் சாலையில் பிடிப்பு வெகுவாகக் குறையும். வேகம் குறையும் அளவு 3 மீட்டர் என்று வைத்தால், 50இல் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் 32 மீட்டர் ஓடும். 65இல் வந்தால் 54 மீட்டர். பின்னால் தங்கை அமர்ந்திருந்தால் அவளுடைய எடைக்கும் சேர்த்து இயக்க ஆற்றல் கூடும். அந்தச் சூட்டையும் அதே பிரேக்தான் தாங்க வேண்டும்.

என் அண்ணனின் வண்டி

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. நானும் இந்த மாநிலத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் வளர்ந்தவள். நான் படிவம் 3 படித்தபோது என் பெரியப்பா மகன் தன் கப்சாயில் பெரிய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். நல்ல கைவேலைக்காரர். நான்கு இரவுகள் மண்ணெண்ணெயும் கிரீசுமாக உட்கார்ந்து அவரே செய்தார். முதல் நாள் சத்தம் கேட்டு லயமே வெளியே வந்து பார்த்தது. எங்களுக்கெல்லாம் பெருமைதான்.

இரண்டு மாதம் கழித்து, தோட்டச் சாலை பெரிய சாலையில் சேரும் முனையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று திரும்பியது. அண்ணன் அதைப் பார்த்தார், பிரேக்கும் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்து எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. வண்டியை இழுத்துவந்து பார்த்தபோது அவர் மாற்றிய எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. உதைத்ததும் ஓடியது. பிரேக் மட்டும் பழையது.

அண்ணன் தலைக்கவசம் அணிந்திருந்தார். 1973 முதல் நம் நாட்டில் அது கட்டாயம். அதனால்தான் இன்று அவர் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல இருக்கிறார். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பிரேக் மட்டும்தானா?

இல்லை. எஞ்சினின் முறுக்கு விசை கூடினால் சங்கிலியின் இழுவை அதே விகிதத்தில் கூடும். சங்கிலி அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எஞ்சினைத் தாங்குவது சட்டத்தில் உள்ள சில போல்ட்டுகள்தாம். கனமான எஞ்சின் குலுங்கும்போது அந்த இடங்களில் உலோகம் களைப்படைந்து வெடிப்பு விடும். வெளியிலிருந்து பார்த்தால் முதலில் தெரியாது.

அடுத்தது சூடு. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தை ஓட்டுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். பழைய கப்சாய் எதிர்க்காற்றிலேயே குளிரும். இன்றைய 150 சிசி வண்டிகள் பலவற்றில் அதற்கென நீரும் ரேடியேட்டரும் இருக்கின்றன. எஞ்சினை எடுத்து வைப்பவர் அதற்கு இடம் தேட வேண்டும்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் அளவு எண்களுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச வேகத்தை அது சொல்கிறது. 'ஜே' என்றால் 100 கிலோமீட்டர், 'கே' 110, 'எல்' 120, 'எம்' 130, 'பி' 150. உங்கள் வீட்டு வண்டியில் என்ன எழுத்து?

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு வண்டியின் எஞ்சின் எண்ணும் சிசியும் சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜேபிஜேயில், பதிவாகியிருக்கின்றன. இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் எஞ்சினை மாற்றுவது குற்றம். 150 சிசி வரை மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 ரிங்கிட்தான். ஆகவே இது வரிப் பணத்துக்கான கட்டுப்பாடு அல்ல. வண்டியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கான கட்டுப்பாடு. அறிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். அப்போது மருத்துவச் செலவும் வண்டிச் செலவும் குடும்பத்தின் தலையில்தான்.

அப்படியானால் மேட்டில் எப்படி ஏறுவது?

அண்ணனின் தேவை நியாயமானது. வேகத்தை அவர் கேட்கவில்லை, இழுவையைத்தான் கேட்கிறார். அதற்கு எஞ்சினை மாற்ற வேண்டியதில்லை.

முதலில் பராமரிப்பு. தோட்டச் சாலையின் செம்மண் தூசி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். காற்று போதாவிட்டால் பெட்ரோல் சரியாக எரியாது. தேய்ந்த பிஸ்டன் வளையம், அளவு மாறிய வால்வு இடைவெளி, காற்றுக் குறைந்த டயர், தளர்ந்த சங்கிலி ஒவ்வொன்றும் சக்தியைத் தின்னும். இவற்றைச் சரிசெய்தாலே பழைய வண்டி தன் பழைய பலத்தைப் பெறும்.

அடுத்தது பல்சக்கரம். முன் பல்சக்கரத்தில் 14 பற்கள், பின்னால் 35 பற்கள் என்று கொள்வோம். விகிதம் 2.5. பின்னால் 38 பற்கள் போட்டால் விகிதம் 2.7. சக்கரத்தில் இழுவை சுமார் 8 விழுக்காடு கூடும். அதற்கு விலையாக ஒவ்வொரு கியரிலும் வேகம் அதே அளவு குறையும். நெம்புகோல் பாடத்தில் படித்ததுதான்: விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுக்க வேண்டும். சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் வழியில் புக்கிட் பூத்துஸ் ஏற்றத்தில் நீங்கள் கியரைக் குறைப்பதும் இதே கணக்கில்தான். உங்கள் வண்டிக்கு எந்த அளவு பொருந்தும் என்று நல்ல மோட்டார் கடையில் கேட்டுச் செய்ய வேண்டும்.

வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. 1994 முதல் நம் நாட்டில் கப் பிரிக்ஸ் பந்தயம் நடக்கிறது. அங்கே ஓடுவதும் கப்சாய் வகை வண்டிகள்தாம். ஆனால் எஞ்சினைத் தொடுகிறவர்கள் பிரேக், டயர், அதிர்வுதாங்கி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். எதிரே லோரி வராத தடத்தில் ஓட்டுகிறார்கள். 2018இல் மோட்டோ ஜிபி பந்தயத்துக்குப் போன ஹஃபிஸ் ஷாரின் அப்படிக் கப் பிரிக்சில் ஓடி வளர்ந்தவர்தான். வண்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் இதற்கென்றே படிப்பு உண்டு. என் அண்ணனின் கைத்திறனுக்கு அந்தக் கதவை யாராவது காட்டியிருக்கலாம் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த வாரம் வீட்டில் உள்ள மோட்டாரை அணைத்து, சூடு ஆறியபின் மூன்று வேலை செய்யுங்கள். டயரில் உள்ள எழுத்தைக் கண்டுபிடியுங்கள். பின் பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். வண்டியின் கையேட்டில் சிலிண்டர் விட்டத்தையும் பிஸ்டன் தூரத்தையும் பார்த்து சிசியைக் கணக்கிடுங்கள். விடையை அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லிப் பாருங்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.

அந்த மாணவியும் எண்ணினாள். மறு வாரம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். பின்னால் 35 பற்கள், டயரில் 'எல்'. காற்று வடிகட்டியைக் கழற்றியபோது உள்ளே செங்கல் நிறத்தில் தூசி கொட்டியதாம். அதை மாற்றி, டயருக்குக் காற்றடித்து, சங்கிலியையும் இறுக்கிய பிறகு வண்டி மேட்டில் ஏறுகிறதாம்.

"எஞ்சின் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"முதல்ல பிரேக் கட்டைய மாத்தறேன்னு சொல்லிட்டாரு டீச்சர். எஞ்சினப் பத்தி இன்னும் யோசிக்கிறாரு."

யோசிக்கட்டும். இந்தக் கட்டுரையை வெட்டி அவரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.